ஆறு கொண்டுபோய்விடுமா?

சுண்ணாம்பாற்றுப் படகுச் சுற்றுலா பற்றிச் செயற்குழுவில் பேசியபோது, மதியச் சாப்பாட்டை அவரவர் எவர்சில்வர் டப்பாவில் எடுத்து வரலாம் என்று சொன்னேன். நம் குடியிருப்பு இளைஞர் ஒருவர் சிரித்தார். "காலி டப்பாவை யார் சார் நாள் முழுக்கத் தூக்குறது? பார்சல் வாங்கிக்கலாம். ஒண்ணு ரெண்டு கவர் தண்ணில விழுந்தாலும் ஆறு கடலுக்குக் கொண்டுபோயிடும்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது பதில் வரவில்லை. முடிவு அடுத்த கூட்டத்தில்தான் என்பதால், அதற்குள் நீங்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். செஞ்சிப் பக்கமிருந்து வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது அரியாங்குப்பம் ஆறு, தெற்கே போவது நாம் படகேறும் சுண்ணாம்பாறு. அந்த வடக்குக் கிளையின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது நம் ஊர் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. அவருக்குக் கிடைத்தது தங்கப் புதையல் அல்ல. ரோமானியர் மது கொண்டுவந்த ஜாடிகளின் துண்டுகள், இத்தாலியின் அரெட்சோ ஊர்ச் சிவப்புத் தட்டுகளின் சில்லுகள். உடைந்து போனதால் யாரோ வீசியெறிந்தவை. இத்தாலியில் அந்தத் தட்டுகளின் காலம் தெரிந்திருந்ததால், அதை வைத்து அரிக்கமேட்டுக்கும், அதன் வழியாகத் தென்னிந்தியாவின் மற்ற பழைய இடங்களுக்கும் காலம் கணித்தார்கள். ஏறத்தாழ 1900 ஆண்டுகள், எத்தனையோ ஐப்பசி கார்த்திகை வெள்ளம். பக்கத்திலேயே ஓடிய ஆறு அந்தக் குப்பையைக் கொண்டுபோகவில்லை. மண் ஓடு என்பதால் யாருக்கும் கெடுதலும் இல்லை, அது வேறு விஷயம்.

தண்ணீர் கொண்டுபோகாது என்பதை முதலில் கைக்காசு இழந்து கற்றவர்கள் துறைமுகக்காரர்கள். சரக்கில்லாமல் வரும் பாய்மரக் கப்பல் கவிழாமலிருக்க, அடியில் கல்லும் மணலும் ஏற்றியிருப்பார்கள். சரக்கு ஏற்றும் முன் அதைத் துறைமுகத்திலேயே கொட்டிவிடுவது சுலபம். அப்படிக் கொட்டினால் அடியில் மேடு தட்டும், அடுத்து வரும் கப்பல் அதில் மோதும். அதனால்தான் 1908-ஆம் ஆண்டு இந்தியத் துறைமுகச் சட்டத்தில், நிறைக்கல்லையோ குப்பையையோ துறைமுகத்தில் எறியக்கூடாது என்று ஒரு பிரிவு வைத்தார்கள். மீனுக்காக அல்ல, கப்பலுக்காக. அது பிரிட்டிஷ் இந்தியாவின் சட்டம், அன்றைய புதுச்சேரி அதில் சேராது.

நடுக்கடலைப் பற்றிக் கவலைப்பட இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. கடல்தான் பெரிதாயிற்றே! 1967-இல் டோரி கேன்யன் என்ற எண்ணெய்க் கப்பல் இங்கிலாந்தின் தென்மேற்கில் பாறையில் மோதியது. அதிலிருந்தது ஒரு லட்சம் டன்னுக்கு மேல் கச்சா எண்ணெய். கடல் அதை எங்கும் கொண்டுபோகவில்லை, இங்கிலாந்துக் கரைக்கும் பிரான்ஸ் கரைக்கும் கொண்டுவந்து சேர்த்தது. 1973-இல் எழுதி 1978-இல் திருத்திய மார்போல் ஒப்பந்தத்துக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த ஒப்பந்தம் 1983-இல் முதலில் எண்ணெய்க்கு நடைமுறைக்கு வந்தது. குப்பைக்கான ஐந்தாம் இணைப்புக்கு 1988 டிசம்பர் 31 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் எந்த இடத்திலும் போடக்கூடாது. உல்லாசப் படகுகளுக்கும் இது பொருந்தும். காகிதம், கண்ணாடி, தகரம் ஆகியவற்றைக் கரையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளிப் போடலாம் என்றிருந்த சலுகையும் 2013 முதல் போய்விட்டது. 12 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகில் விதிகளை எழுதிய பலகை மாட்ட வேண்டும்.

சுண்ணாம்பாறு கடல் இல்லையே என்று யாராவது கேட்பீர்கள். நியாயம்தான். ஆற்றில் மாசு கலப்பதை 1974-ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம் எல்லோருக்கும் தடை செய்கிறது. உள்நாட்டுப் படகுகளுக்கென இருந்த 1917-ஆம் ஆண்டுச் சட்டம் நீராவிப் படகுகளுக்காக எழுதப்பட்டது. படகைச் சோதிப்பது, ஓட்டுபவருக்குச் சான்றிதழ், விபத்து விசாரணை ஆகியவைதான் அன்று அதன் கவலை. அதன் இடத்தில் வந்த 2021 சட்டத்தில் மாசுத் தடுப்புக்கு ஓர் அத்தியாயமே உண்டு. எண்ணெய், கழிவுநீர், குப்பை எதையும் படகிலிருந்து வெளியே தள்ளக்கூடாது. அவற்றை வாங்கிக்கொள்ள ஏற்றி இறக்கும் துறையில் வசதி இருக்க வேண்டும். படகின் அடியில் தேங்கும் எண்ணெய்த் தண்ணீர் படகுக்காரர் பொறுப்பு. சாப்பாட்டுக் கவர் நம் பொறுப்பு.

இப்போது அந்தத் தம்பிக்கு என் பதில். நாம் போகும் இடம் முகத்துவாரத்தை ஒட்டியது. கடல் ஏறும்போது தண்ணீர் உள்நோக்கித் தள்ளும், இறங்கும்போது வெளியே இழுக்கும். நடுவில் மணல் திட்டு, இரண்டு பக்கமும் கண்டல் மர வேர்கள். சென்ற முறை போனபோது, தயிர்சாதம் வைத்திருந்த கவர் என் கையிலிருந்தே காற்றில் பறந்து தண்ணீரில் விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்துத் திரும்பும் படகில் வந்தபோது, அந்த நீலக் கவர் ஒரு வேரில் சுற்றிக்கொண்டு நின்றது. படகை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். எல்லோர் முன்னாலும் சொல்லக் கூச்சமாக இருந்தது.

என் யோசனை இதுதான். வீட்டுக்கு வீடு டப்பா. வாங்கியே ஆக வேண்டுமென்றால் வாழையிலையில் கட்டச் சொல்லலாம். தண்ணீருக்குச் சங்கத்தின் இரண்டு 20 லிட்டர் கேன்கள் போதும், தம்ளர் அவரவர் கொண்டுவர வேண்டும். ஏறும்போது பைகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, இறங்கும்போது சரிபார்க்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வங்கியில் முப்பது வருஷம் செய்த வேலைதான். காலி டப்பாக்களைச் சுமக்க இரண்டு பேர் பெயர் கொடுத்தால் தீர்மானத்தை எழுதிவிடலாம்.