220ஆம் துறை: சைனாடவுனில் வேர்விட்ட ஓர் இடைமுகத்தின் வரலாறு

யூ தோங் சென் சாலையில் நின்றிருந்த பேர்ல்ஸ் சென்டர் இன்று இல்லை. தாம்சன் ரயில் தடத்திற்காகக் கையகப்படுத்தப்பட்டுப் பின்னர் இடிக்கப்பட்டது. சைனாடவுன் என்றதும் நம் பேச்சு சவுத் பிரிட்ஜ் சாலையின் மாரியம்மன் கோயிலையும் ஜாமியா சூலியா பள்ளிவாசலையும் நாடிச் செல்வது இயல்பே. அவற்றிலிருந்து நடந்து சென்றடையும் தொலைவில் இருந்த அந்தக் கட்டடத்தில், 1981இல் சிம் வோங் ஹூவும் அவருடைய இளமைக்கால நண்பர் இங் காய் வாவும் கணினி பழுதுபார்க்கும் கடையொன்றைத் தொடங்கினர். கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. மென்பொருள் வன்பொருளோடு பேசுவதற்கு அந்நிறுவனம் வகுத்த முறை எவ்வாறு உலக வழக்காயிற்று என்பதையே இவ்வுரையில் காண முற்படுகிறோம்.

மொழி ஆர்வலர்க்குரிய செய்தி ஒன்று தொடக்கத்திலேயே உண்டு. 1986இல் அவர்கள் உருவாக்கிய கியூபிக் சிடி, சீன மொழிக்கேற்ப அமைந்த, பேசவும் இசைக்கவும் வல்ல கணினி. பன்மொழிக் கணினியை வாங்குவோர் அன்று குறைவு. ஆகவே அது விற்பனையில் தோற்றது. ஒலிக்கும் ஆற்றலை மட்டும் தனி அட்டையாக்கி அவர்கள் மீண்டும் முயன்றனர்.

மையச் செயலிக்கு அத்தகைய அட்டை, எண்ணிட்ட சில வாயில்களாகவே தெரியும். அவ்வாயிலைத் தமிழில் ‘துறை’ என்கிறோம். கப்பல் வந்தடையும் இடத்திற்கும் அதுவே பெயர். சிங்கப்பூரர்க்கு இதனினும் பொருத்தமான சொல் அமைவது அரிது. அக்காலத்து ஐபிஎம் வகைக் கணினிகளின் அட்டைகள் பொதுவாகப் பத்து பிட் முகவரியையே நோக்கின. எனவே வட்டு, அச்சுப்பொறி, திரை ஆகிய அனைத்தும் 1,024 துறைகளுக்குள் நெருக்கியடித்து இடம் பிடிக்க வேண்டியிருந்தது. 1987இல் வெளிவந்த கிரியேட்டிவ் மியூசிக் சிஸ்டம் பதினாறடி எண்முறையில் 220 என்னும் முகவரியில் அமர்ந்தது. நம் வழக்கமான எண்முறையில் அது 544.

அவ்வட்டை பன்னிரு குரல்களில் இசைத்தது. ஆயினும் அதன் மொழியில் எழுதப்பட்ட விளையாட்டுகள் குறைவு. கனடாவின் ஆட்லிப் அட்டை 388 என்னும் துறையில் வேறொரு மொழியைப் பேசி முந்திக்கொண்டது. 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் இவ்விரு மொழிகளையும் பேசிற்று. ஆட்லிப்புக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் மாற்றமின்றி அதில் ஒலித்தன. தன் மொழியையே பிறர் கற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காததே அதன் வெற்றிக்கு முதற்காரணம் என்பது எம் கருத்து.

அதில் புதிதாய் இருந்தது, பதிவான குரலை ஒலிக்கும் பகுதி. அதனை எழுப்பும் சடங்கு சுவையானது. 226ஆம் துறையில் 1 எழுதி, மூன்று மைக்ரோ வினாடி பொறுத்து, 0 எழுத வேண்டும். சிறிது நேரத்தில் 22ஏ துறையிலிருந்து 170 என்னும் எண் விடையாக வந்தால், அட்டை அங்கே உள்ளது. வராவிடில் முகவரி தவறு. கட்டளை அனுப்பும் முன்பும் அட்டை ஓய்வாக உள்ளதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டறிய வேண்டும்.

இந்நுணுக்கங்களை மறைப்பதற்காகவே கிரியேட்டிவ் ‘சிடி-வாய்ஸ்’ என்னும் இயக்கிக் கோப்பை வழங்கிற்று. மென்பொருள் அதை நினைவகத்தில் ஏற்றிச் செயல் எண்ணைக் கூறினால் போதும். துறை எண்கள் இயக்கிக்குள் அடங்கிவிடும். இதுவே முறையான வடிவமைப்பு. ஆனால் விளையாட்டு நிரலர் பலர் அதைப் புறக்கணித்து நேரே துறைகளில் எழுதினர். டாஸ் இயங்குதளம் அதைத் தடுக்கவில்லை, வேகமும் வேண்டியிருந்தது. அதன் விளைவாக, மாற்றத்தக்கதாய் இருக்க வேண்டிய உள்விவரம் மாற்றவொண்ணாத பொது ஒப்பந்தமாயிற்று. போட்டி நிறுவனங்களும் ‘சவுண்ட் பிளாஸ்டருக்கு இணக்கமானது’ என்று விளம்பரம் செய்து அதே துறைகளைப் பின்பற்றின. பயனரோ முகவரி, குறுக்கீட்டு எண், நேரடி நினைவகத் தடம் ஆகியவற்றைத் தம் கணினியின் தொடக்கக் கோப்பில் ஒரே வரியாக எழுதிவைத்தார். அட்டை தேர்ந்த 7ஆம் குறுக்கீடு அச்சுப்பொறிக்கும் உரியதாதலின் பூசல்களும் நேர்ந்தன.

பிற்கால இயங்குதளங்கள் இவ்வொழுங்கின்மைக்கு வேலியிட்டன. விண்டோஸ் 95, பழைய விளையாட்டு துறையைத் தொடும்போது இடைமறித்து விடையளிக்கும் இயக்கிகளை அமைத்தது. நெட்பிஎஸ்டி மேலும் ஒருபடி சென்றது. அதன் ‘பஸ் ஸ்பேஸ்’ இடைமுகத்தில் இயக்கிக்கு ஒரு பிடியும் அதிலிருந்து எத்தனையாவது பதிவகம் என்னும் எண்ணுமே தெரியும். அது துறையா நினைவக முகவரியா என்பதை இயங்குதளமே அறியும். துறைக் கட்டளைகளே இல்லாத ஆல்ஃபா போன்ற செயலிகளிலும் அதே இயக்கி இயங்குவதற்கு இதுவே வழி.

கிரியேட்டிவ் 1992இல் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனமாயிற்று. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் மறைந்தார். பழைய விளையாட்டுகளை இயக்கும் டாஸ்பாக்ஸ் என்னும் மென்பொருளை இன்று நிறுவி, அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து பாருங்கள். அட்டையே இல்லாத கணினியிலும், யாரும் மாற்றாதவரை, ஒலிக்கான முகவரி 220 என்றே இருக்கும்.