சுத்து கூடினால் சத்தம் கூடும், தெளிவு? மின்கிட்டார் பிக்கப்பின் கதை

எங்கட கூட்டத்தில் இருப்பது ஒரே ஒரு மின்கிட்டார். நண்பன் ஒருவனின் காக்கா கட்டாரிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்து கொடுத்தது. பழையதுதான், ஆனால் கழுத்து நேராக இருக்கிறது, கட்டையெல்லாம் ஒழுங்காகப் பிடிக்கிறது. எங்கட கரையோர ஊர்களின் நாட்டார் கவிகளுக்கு மெட்டுப் போட்டுப் பாடிப்பார்ப்போம் என்று தொடங்கியபோதுதான் அதன் குறை தெரிந்தது. கவியில் சொல்தான் எல்லாம். ஒரு சொல் கேட்காமல் போனால் அடுத்த வரி விளங்காது. எங்கட கிட்டாரோ மூக்கடைத்தவன் கதைக்கிற மாதிரி மொத்தமாக ஒலித்து, பாடுகிறவளின் குரல் இருக்கிற இடத்திலேயே போய்க் குந்திக்கொண்டது. சத்தத்தைக் குறைத்தால் கிட்டார் இல்லை, கூட்டினால் கவி இல்லை.

பிக்கப்பை மாற்றினால் சரியாகும் என்று முடிவெடுத்தோம். எல்லோரும் காசு போட்டு, கொழும்புக்குப் போன ஒருவனிடம் சொல்லி, 'பவர் கூடின' பிக்கப் ஒன்றை எடுத்தோம். பவர் கூடினால் எல்லாம் கூடும் என்பது எங்கட நினைப்பு. பூட்டி அடித்துப் பார்த்தால் சத்தம் கூடியிருந்தது, கணீரென்ற ஓசை முன்னைவிடக் குறைந்திருந்தது. ஏன் இப்படி என்று தேடப்போய்த்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தோம். எங்களைப் போல இன்னொரு கூட்டம் காசைக் கொட்டுவதற்கு முன் இதை வாசித்தால் நல்லது.

முதலில், பிக்கப் ஒரு மைக் இல்லை. அது காற்றில் வரும் ஓசையைக் கேட்பதில்லை. காந்தம் ஒன்று, அதைச் சுற்றி மயிரளவு மெல்லிய செப்புக் கம்பியாலான சுருள், அவ்வளவுதான். மேலே உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, சுருளில் மின் பிறக்கிறது. சாதாரண தர விஞ்ஞானப் பாடத்தில் எல்லோரும் படித்த மின்காந்தத் தூண்டல். பரடே அதை 1831இல் கண்டுபிடித்தார். கிட்டாருக்கு அது வந்துசேர நூறு வருஷம் எடுத்தது.

கொண்டுவந்தவர்கள் தேடியது இனிமையை அல்ல, சத்தத்தை. 1920களில் அமெரிக்காவில் நடன இசைக்குழுக்கள் பெருத்தன. ஊதுகருவிகளுக்கும் ட்ரம்ஸுக்கும் நடுவில் கிட்டார் காணாமல் போனது. அதே காலத்தில் மடியில் வைத்து வாசிக்கும் ஹவாய் கிட்டார் மீது அங்கே பெரிய மோகம். அந்தக் கிட்டாரை வாசித்துவந்த ஜோர்ஜ் பீச்சம் என்பவர் லொஸ் ஏஞ்சலிஸில் கூட்டாளிகளோடு சேர்ந்து 1931இல் மின்பிக்கப் ஒன்றைச் செய்து முடித்தார். இரண்டு குதிரைலாடக் காந்தங்களுக்கு நடுவால் தந்திகள் போகும். அலுமினியத்தில் வார்த்த அந்தக் கிட்டாரை, உருவத்தைப் பார்த்து 'பொரிக்கும் தாச்சி' என்று கூப்பிட்டார்கள். 1932இல் விற்பனைக்கு வந்தது, காப்புரிமை கிடைத்தது 1937இல். பிறகு றிக்கன்பக்கர் என்று பெயரெடுத்த கம்பனி அதுதான்.

1936இல் கிப்ஸன் கம்பனி ஈஎஸ்-150 என்ற கிட்டாரை வெளியிட்டது. சார்ளி கிறிஸ்ரியன் என்ற கறுப்பின இளைஞர் அதை ஜாஸ் மேடையில் தனித்து வாசித்துக் காட்டினார். அதுவரை பின்னால் தாளம் போட்ட கருவி முன்னால் வந்து பேசத் தொடங்கியது. அவர் 1942இல், 25 வயதில் மௌத்தானார். அவருடைய ஓசை தடித்தது, உருண்டது. கணீரென்ற ஓசை வேறொரு ஆளிடமிருந்து வந்தது.

லியோ ஃபென்டருக்குக் கிட்டார் வாசிக்கவே தெரியாது. கணக்காளராக வேலை பார்த்தவர், பொருளாதார மந்தத்தில் வேலை போய், 1938இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் என்ற சின்ன ஊரில் ரேடியோ திருத்தும் கடை போட்டார். எங்கட பஸார்ப் பக்கம் ஒரு காலத்தில் இருந்த ரேடியோக் கடைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்காரர்கள் தங்கட பெட்டிகளைத் திருத்தக் கொண்டுவருவார்கள், அவர் அவர்களுடைய முறைப்பாடுகளைக் கேட்பார். 1950இல் அவர் வெளியிட்ட பலகைக் கிட்டார் 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1954இல் ஸ்ட்ரட்டோகாஸ்டர் வந்தது. இரண்டிலும் ஒற்றைச் சுருள் பிக்கப்கள். கூட்டத்துக்கு நடுவிலும் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்கும். 'பிரைட்' என்று இன்று எல்லோரும் கேட்கிற ஓசைக்கு உரைகல் அதுதான்.

ஆனால் ஒற்றைச் சுருளுக்கு ஒரு நோய் இருந்தது. தந்தியின் அசைவை மட்டுமல்ல, சுவரில் ஓடும் கரண்டையும் அது பிடிக்கும். அமெரிக்காவில் 60 ஹேர்ட்ஸ், எங்கட நாட்டில் 50 ஹேர்ட்ஸ். ட்யூப் லைட்டுக்குக் கீழே நின்று வாசித்தவர்களுக்கு அந்த 'ம்ம்ம்' இரைச்சல் தெரியும்.

அதைத் தீர்க்க 1950களின் நடுவில் இரண்டு பேர் தனித்தனியாக வேலை செய்தார்கள். ஒருவர் கிப்ஸனின் பொறியியலாளர் செத் லவர். இரண்டு சுருளை எதிரெதிர்த் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிராக வைத்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும், தந்தியின் ஓசை மட்டும் கூடும். 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957இல் அது கிட்டார்களில் ஏறியது, 1959இல் காப்புரிமை கிடைத்தது. 'ஹம்பக்கர்' என்பது இதுதான். மற்றவர் ரே பட்ஸ், இலினோய் மாநிலத்தில் இசைக்கடை வைத்திருந்தவர். செட் அட்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞருக்காக அவர் செய்த 'ஃபில்டர்ட்ரொன்' பிக்கப்பை 1957இல் கிரெட்ச் கம்பனி பயன்படுத்தத் தொடங்கியது. அதுவும் இரட்டைச் சுருள்தான், அதிலும் இரைச்சல் இல்லை. ஆனால் கிப்ஸனுடையது தடித்து ஒலிக்க, பட்ஸுடையது கணீரென்று ஒலித்தது.

இந்த இடத்தில்தான் நாங்கள் நின்று யோசித்தோம். இரைச்சலை அழித்ததற்கான விலைதான் தெளிவு என்றால், இரண்டுமே மங்கியிருக்க வேண்டும். ஒன்று மங்கவில்லையே.

பதில் கல்முனையில் மோட்டர் வைண்டிங் கடை வைத்திருக்கிற ஒரு காக்காவிடம் கிடைத்தது. கழற்றிய பிக்கப்பைக் காட்டினோம். லாம்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"இந்தக் கம்பி நம்மட ஃபேன் கம்பியவிட எவ்வளவோ மெல்லிசு தம்பி. இதுல எத்தின சுத்து இரிக்கி?"

ஆயிரக்கணக்கில் என்றோம்.

"அப்ப இது ஒரு சோக்குத்தானே. சோக்குல சுத்து கூடக்கூட கரண்டை அமத்தும். வேகமா ஆடுற கரண்டை இன்னும் கூட அமத்தும். மெதுவா ஆடுறத விட்டிரும்."

நாங்கள் புத்தகங்களில் வாசித்து விளங்காத விஷயத்தை அவர் ட்யூப் லைட் சோக்கை வைத்து விளக்கிவிட்டார். கணீரென்ற ஓசை என்பது வேகமாக ஆடும் அலைகள்தான். சுற்று கூடினால் சுருளின் தூண்டல் கூடும். பிக்கப்பும் கிட்டார் வயரும் சேர்ந்து ஓர் இடத்தில் பரிவு கொள்ளும். அந்த இடத்தில் ஓசை தூக்கலாக இருக்கும், அதற்கு மேலே சரிந்துவிடும். ஸ்ட்ரட்டோகாஸ்டர் வகைச் சுருளில் ஏறக்குறைய 8,000 சுற்று, தூண்டல் 2.5 ஹென்றி அளவு. சாதாரண வயரோடு அதன் பரிவு 4,000 ஹேர்ட்ஸ் பக்கம் விழும். லவரின் ஹம்பக்கரில் சுருளுக்கு 5,000ஆக மொத்தம் 10,000 சுற்று. தூண்டல் 4 ஹென்றிக்கு மேல், பரிவு 3,000 பக்கம். நாங்கள் வாங்கிய மாதிரி 'பவர் கூடின' பிக்கப்கள் 8 ஹென்றி வரைக்கும் போகும், பரிவு 2,300க்கு இறங்கிவிடும். எங்கட காசு போன இடம் அதுதான். ரே பட்ஸ் இரட்டைச் சுருள் வைத்தும் குறைவாகச் சுற்றினார், அதனால் தெளிவு தப்பியது. மங்கலுக்குக் காரணம் இரட்டைச் சுருளைவிடக் கம்பியின் நீளம்.

பழைய பிக்கப்கள் ஒரே மாதிரி ஒலிக்காததற்கும் இதில் ஒரு காரணம் உண்டு. ஃபென்டர் தொழிற்சாலையில் 1956இல் சேர்ந்த அபிகெயில் இபார்ரா போன்ற பெண்கள், சுழலும் கட்டையில் கம்பியைக் கையாலேயே வழிநடத்திச் சுற்றினார்கள். மருதமுனையில் நெசவு வீடுகளில் நூல் சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதினமில்லை. கை மாறினால் சுற்றும் மாறும், சுற்று மாறினால் ஓசையும் மாறும்.

அப்படியென்றால் 'பவர்' மோகம் எங்கிருந்து வந்தது? 1972இல் நியூயோர்க்கில் கிட்டார் திருத்தும் வேலை செய்த லரி டிமார்ஸியோ 'சூப்பர் டிஸ்ரோர்ஷன்' என்ற பிக்கப்பை வெளியிட்டார். கிட்டாரோடு வராமல், மாற்றிப் பூட்டுவதற்கென்றே விற்பனைக்கு வந்தவற்றில் அதுதான் முன்னோடி. நோக்கம் பெயரிலேயே இருக்கிறது: ட்யூப் ஆம்பைத் தள்ளி உடைந்த ஓசை எடுப்பது. ரொக் இசைக்கு அது தேவைப்பட்டது. அதே பத்தாண்டில் ஸீமோர் டங்கனும் கலிபோர்னியாவில் கம்பனி தொடங்கினார். பிக்கப் மாற்றுவது ஒரு வியாபாரமாகியது. பலமானது என்றால் திறமானது என்ற எண்ணம் அந்த வியாபாரத்தோடு வந்தது. அது ஒரு காலத்தின் ஒரு வகை இசைக்கான பதில். நாங்கள் அதை எல்லா இசைக்கும் பொதுவான பதிலாக எடுத்துக்கொண்டோம்.

எங்கட நாட்டின் வழி வேறு. 1960களில் கிளரன்ஸ் விஜேவர்தன மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டுக்குள் மின்கிட்டாரைக் கொண்டுவந்தபோது, கிட்டார் ஒரு வரி சொல்லிவிட்டுப் பாடுகிறவருக்கு வழிவிட்டது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றவர்கள் பாடிய தமிழ்ப் பொப்பிலும் சொல்லைக் கேட்டுத்தான் சனம் சிரித்தது, ஆடியது. இங்கே கிட்டாரின் வேலை குரலுக்குப் பக்கத்தில் நிற்பது. அதற்குத் தேவை தள்ளுகிற பிக்கப் அல்ல, மெல்லக் கதைத்தாலும் தெளிவாகக் கதைக்கிற பிக்கப். சத்தத்தை ஆம்ப் பார்த்துக்கொள்ளும்.

ஆகவே கணீரென்ற ஓசைக்காகப் பிக்கப் எடுக்கிறவர்களுக்கு நாங்கள் பட்டறிந்ததைச் சொல்கிறோம். முதலில் செலவில்லாததைச் செய்யுங்கள். எங்கட கடல்காற்றில் தந்தி சீக்கிரம் கறள் பிடிக்கும். செத்த தந்தியில் எந்தப் பிக்கப்பும் கணீரென்று ஒலிக்காது. பிக்கப் தந்திக்கு மிகக் கிட்ட இருந்தால் கொஞ்சம் இறக்குங்கள். நீண்ட வயரைக் கட்டையாக்குங்கள், ஒவ்வொரு மீற்றரும் மேல் ஓசையைத் தின்னும். வொலியூம் கட்டை 250 கிலோ ஓம் என்றால் 500 போட்டுப் பாருங்கள். இதற்குப் பிறகும் போதாவிட்டால்தான் பிக்கப். அப்போது 'அவுட்புட்' எவ்வளவு என்று கேட்காமல், தூண்டல் எத்தனை ஹென்றி என்று கேளுங்கள், குறைந்ததை எடுங்கள். தடையின் கிலோ ஓம் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். கம்பியின் தடிப்பு மாறினால் அந்தக் கணக்கும் மாறும்.

நாங்கள் இரண்டாவது பிக்கப் வாங்கவில்லை, வாங்கக் காசும் இல்லை. எங்கட பிக்கப்பிலிருந்து நாலு வயர் வந்திருந்தது. அதாவது இரண்டு சுருளையும் தனித்தனியாகத் தொடலாம். முதலில் தொடராக இணைத்திருந்தோம். வைண்டிங் கடைக் காக்கா ஆறு கால் சுவிட்ச் ஒன்றைப் பூட்டி, சமாந்தரமாகவும் மாற்ற வழி செய்தார். சமாந்தரத்தில் தூண்டல் ஏறக்குறைய நாலில் ஒன்றாக இறங்கும், இரைச்சலும் வராது. சத்தம் குறையத்தான் செய்தது. ஆம்பைக் கொஞ்சம் கூட்டினோம், வயரைப் பாதியாக வெட்டினோம்.

அடுத்த ஒத்திகையில் பாடியவள் முதல் கவியை முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். "இப்பதான் நான் பாடுறது எனக்குக் கேக்குது" என்றாள்.