பழைய படம்னா மங்கலாத்தான் இருக்கணுமா?

இந்த எபிசோடு பழைய ஹாலிவுட் காமெடிப் படங்களைப் பற்றியது. ஆனா கதை, நடிப்பு, இயக்கம்னு வழக்கமா பேசுற விஷயங்களுக்குள்ள நாம போகப் போறதில்லை. அந்தப் படங்கள் எந்த நிலைமையில நம்ம கைக்கு வந்து சேர்ந்தன என்பதுதான் இன்னைக்கு விஷயம்.

ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'னு இணையத்துல தேடுங்க. 1940-ல் வந்த படம். ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கம், கேரி கிராண்ட், ரோசலிண்ட் ரஸ்ஸல் நடிப்பு. ஒரே படத்துக்குப் பல பிரதிகள் வரும். ஒண்ணுல முகமெல்லாம் வெள்ளைத் தட்டு மாதிரி, கண்ணும் மூக்கும் எங்கேன்னு தேடணும். பின்னணியில மழை பெய்யுற மாதிரி ஒரு இரைச்சல். இன்னொண்ணுல ரோசலிண்ட் ரஸ்ஸல் போட்டிருக்கிற கோட்டோட கோடுகளை எண்ணலாம். ரெண்டும் ஒரே நாள் எடுத்த ஒரே காட்சிதான்.

முதல் பிரதியைப் பார்க்கிறவர் என்ன நினைப்பார்? "பழைய படம், அப்படித்தான் இருக்கும்" என்பார். இந்த நினைப்பு தப்பு. அந்த மங்கலுக்குக் காரணம் வயசு இல்லை. நகல் எடுத்த விதம். இன்னும் சரியாச் சொன்னா, அதுக்குப் பின்னால ஒரு சட்டமும் ஒரு சந்தையும் இருக்கு.

ஜெராக்ஸின் ஜெராக்ஸ்

1940-ல் ஒரு படம் 35 மி.மீ. நைட்ரேட் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. எளிதில் தீப்பிடிக்கும், சரியாகப் பாதுகாக்காவிட்டால் மட்கிப் போகும். ஆனால் அந்த ஃபிலிமில் இருந்த விவரமும் கறுப்பு வெள்ளைக்கு நடுவில் இருந்த சாம்பல் நிற அடுக்குகளும் அபாரமானவை. அன்னைக்குத் தியேட்டர்ல உட்கார்ந்திருந்த யாரும் மங்கலான படத்தைப் பார்க்கலை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. நிலையங்களுக்கும் கல்லூரிகளுக்கும் வீட்டில் படம் ஓட்டுபவர்களுக்கும் 16 மி.மீ. பிரதிகள் அச்சிட்டார்கள். 35 மி.மீ. சட்டகத்தோடு ஒப்பிட்டால் 16 மி.மீ. சட்டகத்தின் பரப்பு கால்வாசிக்கும் குறைவு. அந்தப் பிரதி வருஷக்கணக்கா புரொஜெக்டர்ல ஓடித் தேய்ஞ்சது. அதிலிருந்து ஒரு வீடியோ டேப். அந்த டேப்பிலிருந்து விஎச்எஸ் கேசட். கேசட்டிலிருந்து மலிவு விலை டிவிடி. அந்த டிவிடியிலிருந்து யாரோ இணையத்துல ஏத்தின ஃபைல்.

செமஸ்டர் பரீட்சைக்கு முந்தின நாள் நாம வாங்குற நோட்ஸ் ஞாபகம் இருக்கா? ஒரிஜினல் யாரு எழுதினதுன்னே தெரியாது. ஜெராக்ஸோட ஜெராக்ஸோட ஜெராக்ஸ். ஓரத்துல ரெண்டு வரி வெட்டுப்பட்டிருக்கும், சமன்பாட்டுல அடுக்கு எண் காணாம போயிருக்கும். இந்தப் படங்களுக்கு நடந்ததும் அதேதான்.

இதுல ஒரு நுணுக்கம் கவனிக்கணும். டிவிடியின் படம் 720-க்கு 480 புள்ளிகள். ப்ளூ-ரே 1920-க்கு 1080. பழைய படங்கள் கிட்டத்தட்ட சதுர வடிவம் என்பதால் ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை போயிடும். அப்படிப் போனாலும் ப்ளூ-ரேயில நாலு மடங்குக்கு மேல புள்ளிகள் கிடைக்கும். ஆனா அதனால மட்டும் படம் தெளிவாகிடாது. தேய்ஞ்ச 16 மி.மீ. பிரதியை 4கே-ல ஸ்கேன் பண்ணினா, தேய்மானம்தான் 4கே-ல தெரியும். சட்டியில் இருந்தாத்தான் அகப்பையில் வரும். அதனால பெட்டி மேல என்ன எண் போட்டிருக்குன்னு பார்க்கிறதை விட, எந்த மூலத்திலிருந்து எடுத்தாங்கன்னு கேட்கிறதுதான் முக்கியம்.

28 வருஷமும் ஒரு விண்ணப்பமும்

சரி, நல்ல மூலம் ஸ்டுடியோ கிட்ட இருக்கும்போது மோசமான பிரதி மட்டும் எப்படி உலகம் முழுக்கப் பரவுச்சு?

அமெரிக்காவின் 1909 காப்புரிமைச் சட்டப்படி ஒரு படைப்புக்கு முதலில் 28 ஆண்டுகள்தான் பாதுகாப்பு. இருபத்தெட்டாவது ஆண்டில் விண்ணப்பித்துப் புதுப்பித்தால் இன்னொரு 28. விண்ணப்பிக்கத் தவறினால் படம் பப்ளிக் டொமைனுக்குப் போய்விடும். யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து விற்கலாம்.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'க்கு 1968-ல் புதுப்பித்திருக்க வேண்டும். நடக்கவில்லை. 1936-ல் வந்த 'மை மேன் காட்ஃப்ரே'க்கும் அதே கதி. 1963-ல் வந்த 'சரேட்' கதை இன்னும் விசித்திரம். அதில் காப்புரிமை அறிவிப்பு திரையில் வந்தது, ஆனால் 'காப்புரிமை' என்ற சொல்லையோ அதன் குறியீட்டையோ போட மறந்துவிட்டார்கள். அன்றைய சட்டப்படி அது செல்லாத அறிவிப்பு. கேரி கிராண்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்த ஒரு பெரிய ஸ்டுடியோ படம், வெளியான அன்றே யாருக்கும் சொந்தமில்லாமல் போனது. நம்ம பாஷையில சொன்னா, ஒரு சிண்டாக்ஸ் எரர்.

விஎச்எஸ் காலத்துல இதோட விளைவு தெரிய ஆரம்பிச்சது. யாரெல்லாம் ஒரு 16 மி.மீ. பிரதி வெச்சிருந்தாங்களோ அவங்க எல்லாரும் கேசட் போட்டாங்க. நெகட்டிவ் ஸ்டுடியோ பெட்டகத்துல இருக்கு. ஆனா அதை எடுத்துச் செலவு பண்ணிச் சுத்தம் செஞ்சு வெளியிட அவங்களுக்கு என்ன அவசரம்? பக்கத்துக் கடையில அதே படம் ஒரு டாலருக்குக் கிடைக்குது. நீங்க சுத்தம் செஞ்ச பிரதியையும் நாளைக்கே இன்னொருத்தர் நகல் எடுக்கலாம், தடுக்கிறது கஷ்டம். அதனால எல்லாருக்கும் சொந்தமான படத்தை யாருமே கவனிக்கலை.

இந்தப் படத்துக்கு விடிவு வர நாள் ஆனது. 2017-ல் கிரைடீரியன் நிறுவனம் புது ரெஸ்டோரேஷனோடு ப்ளூ-ரே வெளியிட்டது. கூடவே, அதே நாடகத்தை வைத்து 1931-ல் லூயிஸ் மைல்ஸ்டோன் எடுத்த 'தி ஃப்ரன்ட் பேஜ்' படமும் இருந்தது. இந்த 1931 படம் இத்தனை காலம் சுற்றிக்கொண்டிருந்தது வெளிநாட்டுக்கென்று தயாரான பதிப்பு. இயக்குநர் விரும்பிய அமெரிக்கப் பதிப்பு, தயாரிப்பாளர் ஹோவர்ட் ஹியூஸின் சேகரிப்பில் இருந்த ஒரு பிரதி மூலம்தான் கிடைத்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்கு வேறு டேக்குகளை வைத்துத் தனி நெகட்டிவ் தயாரிப்பது வழக்கம். அதாவது பல வருஷமா எல்லாரும் விமர்சனம் எழுதினது, இயக்குநர் தேர்ந்தெடுக்காத டேக்குகளைப் பார்த்து.

காமெடிக்கு ஏன் அடி அதிகம்?

எந்தப் படமும் மங்கலா இருந்தா நஷ்டம்தான். ஆனா காமெடிக்கு நஷ்டம் ஜாஸ்தி. மங்கலான சோகக் காட்சியிலும் சோகம் கொஞ்சம் மிஞ்சும். மங்கலான ஜோக்குக்குச் சிரிப்பு வராது.

பஸ்டர் கீட்டனை எடுத்துக்குங்க. சிரிக்காத முகத்துக்குப் பேர் போனவர். அப்படின்னா நடிப்பு எங்கே இருக்கு? கண்ணுல. அந்தக் கண் அசைவு ஒரு நல்ல பிரதியில் தெளிவா தெரியும். மோசமான பிரதியில அவர் ஒரு மரப்பொம்மை. அப்புறம், "இவரை ஏன் மேதைனு சொல்றாங்க?"னு கேட்கத்தான் தோணும்.

ஹெரால்டு லாயிடு கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கும் 'சேஃப்டி லாஸ்ட்' 1923-ல் வந்தது. அந்தக் காட்சியில் கீழே தெருவில் கார்கள் நகர்வது தெரிய வேண்டும். அது தெரிந்தால்தான் வயிற்றைக் கலக்கும், கலக்கினால்தான் சிரிப்பு வரும். தெரு மங்கினால் அது வெறும் திரைச்சீலை.

'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் ஒருவர் பேசி முடிப்பதற்குள் அடுத்தவர் ஆரம்பிப்பார். ரால்ஃப் பெல்லமி நடிக்கும் பாத்திரத்தை அடையாளம் சொல்லும்போது, சினிமாவில் வரும் ரால்ஃப் பெல்லமி மாதிரி இருப்பான் என்று கேரி கிராண்ட் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார். ஒலிப்பதிவில் இரைச்சல் இருந்தால் அந்த ஜோக் இருந்ததே தெரியாது.

அடுத்தது வேகம். மௌனப் படங்களில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16, 18, 20 சட்டகம் என்று மாறும். அதை 24 சட்டகத்தில் ஓட்டினால்? 18-ல் எடுத்த நாலு விநாடி அசைவு மூணு விநாடியில் முடிந்துவிடும். மௌனப் படம்னாலே எல்லாரும் விசுக்கு விசுக்குனு ஓடுவாங்க என்ற நம்ம எண்ணத்துக்கு இது ஒரு பெரிய காரணம். காமெடி நடிகர்கள் சில காட்சிகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகமாகத் தெரிய வைத்ததும் உண்டு. ஆக, சரியான வேகத்தைக் கண்டுபிடிக்க ஃபார்முலா இல்லை. ஒவ்வொரு காட்சியா ஒரு மனுஷர் உட்கார்ந்து முடிவு பண்ணணும். மலிவு டிவிடிக்கு அதைச் செய்ய யாருக்கு நேரம்?

வெட்டுப்பட்ட சிரிப்பு

மார்க்ஸ் பிரதர்ஸின் 'அனிமல் கிராக்கர்ஸ்' 1930-ல் வந்தது. 1934-ல் ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கடுமையாயின. படத்தை மறுபடி வெளியிட்டபோது இரட்டை அர்த்த வரிகளை வெட்டினார்கள். அதற்குப் பின் பல பத்தாண்டுகள் ரசிகர்கள் பார்த்தது வெட்டுப்பட்ட பதிப்பை. வெட்டாத பிரதி ஒன்று பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் இருந்தது. 2016 ப்ளூ-ரேயில்தான் அந்த வரிகள் திரும்பி வந்தன. ஆனால் அதே தொகுப்பில் உள்ள 'ஹார்ஸ் ஃபெதர்ஸ்' படத்தில், தெல்மா டாட் வீட்டில் நடக்கும் காட்சி இன்னும் துண்டு துண்டாகத் தாவுகிறது. அதுக்கு முழுப் பிரதி கிடைக்கலை.

லாரல்-ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' 1927 படம். ஒரு தெரு முழுக்க ஒருவர் மேல் ஒருவர் பை எறியும் சண்டை. அந்த இரண்டாவது ரீலின் சில துண்டுகள்தான் மிஞ்சின. அதுவும் 1957-ல் ஒரு தொகுப்புப் படத்தில் சேர்த்ததால். முழு ரீல் 2015-ல் ஒரு தனிப்பட்ட சேகரிப்பிலிருந்து கிடைத்தது. 2020-ல் ரெஸ்டோரேஷன் தொகுப்பில் ப்ளூ-ரேயாக வந்தது. முழுசாப் பார்த்தாத்தான் அது எப்படிப் படிப்படியாப் பெருசாகுதுன்னு புரியும். முதல் பைக்கும் கடைசிப் பைக்கும் நடுவுல இருக்கிற கணக்குதான் அங்கே ஜோக்.

அதிகம் துடைத்தாலும் ஆபத்து

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஃபிலிமின் பரப்பில் கிரெயின் என்ற நுண்துகள் இருக்கும். படமே அந்தத் துகளால் ஆனதுதான். ஆனா வீடியோ கோடெக்குக்கு அது இரைச்சல். ஒவ்வொரு சட்டகத்திலும் மாறிக்கிட்டே இருக்கிறதால சுருக்குறது கஷ்டம், ஃபைல் பெருசாகும். அதனால சில வெளியீடுகளில் மென்பொருள் வைத்து அதைத் துடைத்துவிடுவார்கள். கூடவே தோலின் சுருக்கமும் துணியின் இழையும் போய்விடும். மிச்சம் இருப்பது மெழுகு பொம்மை.

1980-களில் இதைவிடப் பெரிய சண்டை நடந்தது. 'டாப்பர்' படத்துக்கும் லாரல்-ஹார்டி படங்களுக்கும் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி விற்றார்கள். இயக்குநர்கள் கொதித்தார்கள். அந்தச் சர்ச்சையின் தொடர்ச்சியாகத்தான் 1988-ல் அமெரிக்காவில் திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, தேசியத் திரைப்படப் பதிவேடு உருவானது. 1989-ல் அதில் சேர்ந்த முதல் 25 படங்களில் ஒன்று கீட்டனின் 'தி ஜெனரல்'.

மோசமான பிரதிக்கும் ஒரு நன்றி

அந்த 'தி ஜெனரல்' வெளியானபோது தோல்விப் படம். கீட்டனின் படப் பிரதிகளில் சில, அவருடைய பழைய வீட்டை வாங்கியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசனிடம் 1950-களில் கிடைத்தன. அதன் பிறகும் அவர் படங்களைப் பெரும்பாலான வீடுகளுக்குக் கொண்டுபோனது மங்கலான நகல்கள்தான். 1946-ல் வந்த 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' காப்புரிமை புதுப்பிக்கப்படாததால் டிவி நிலையங்கள் வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒளிபரப்பின. அதனால்தான் அது இன்று எல்லாருக்கும் தெரிந்த படம்.

அதனால மலிவு பிரதிகளை நான் வில்லனாக்க மாட்டேன். அவை இல்லைன்னா தேடுறதுக்கே ஆள் இருந்திருக்காது. ஒரு படத்தை யாராவது கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் பெட்டகத்தைத் திறந்து பார்ப்பாங்க. ஆனா அந்த வேலை முடிஞ்சாச்சு. இப்போ நல்ல பிரதி வந்த பிறகும் ஸ்ட்ரீமிங் தளங்கள்ல பழைய மங்கல் பிரதியே ஓடுது, ஏன்னா அது இலவசம். அதைப் பார்த்துட்டுப் பத்து நிமிஷத்துல மூடிடுற ஒரு இருபது வயசுக்காரர் கீட்டன் பக்கம் திரும்பி வரப் போறதில்லை. நிஜமான இழப்பு அதுதான்.

அடுத்த தடவை இப்படி ஒரு படம் பார்க்கும் முன்னாடி மூணு விஷயம் செய்யுங்க. முதல்ல, எந்த ஆர்க்கைவ் அல்லது நிறுவனத்தோட ரெஸ்டோரேஷன்னு போட்டிருக்கான்னு பாருங்க. ரெண்டாவது, நேரத்தை ஒப்பிடுங்க. 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' 92 நிமிஷம். ஐரோப்பிய வீடியோ முறையில விநாடிக்கு 25 சட்டகமா வேகப்படுத்தினா 88 சொச்சம் ஆகும், குரலும் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும். அதைவிடக் குறைஞ்சா ஏதோ வெட்டுப்பட்டிருக்கு. மூணாவது, முதல் நிமிஷத்துல ஒரு முகத்தை நல்லாப் பாருங்க. கண்ணு தெரியலைன்னா நிறுத்திட்டு வேற பிரதி தேடுங்க. பெரும்பாலும் இருக்கும்.