கரிசலுக்கு யார் படம் வரைந்தது?

கிராமத்தை உள்ளபடி வரைந்தவர்கள் என்றதும் கலை வரலாற்றுப் புத்தகங்கள் இரண்டு அமெரிக்கர்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். ஒருவர் அயோவாக்காரரான கிராண்ட் வுட். கவைக்கோலை நட்டமாகப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்கும் ஒரு சம்சாரியையும் பக்கத்தில் ஒரு பெண்ணையும் 1930இல் வரைந்தவர். இன்னொருவர் ஆண்ட்ரூ வயெத். நடக்க முடியாத ஒரு பெண் புல்வெளியில் ஊர்ந்தபடி தூரத்து வீட்டைப் பார்க்கிற படம் 1948இல் அவர் தீட்டியது. இரண்டும் இன்று பெரிய அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்கலாம். வுட்டுக்குச் சம்சாரியாக நின்றவர் அவருடைய பல் மருத்துவர். பக்கத்தில் நின்ற பெண் அவர் தங்கை. வயெத்தின் படத்தில் ஊர்கிற உடம்புக்கு மாதிரியாக இருந்தவர் பெரும்பாலும் அவர் மனைவி. யதார்த்தம் என்பதும் ஆள் பிடித்து, உடை உடுத்தி நிறுத்துகிற ஏற்பாடுதான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பக்கம் வருவோம். விளாத்திகுளத்திலிருந்து மேற்கே எட்டயபுரம் வழியாகக் கோவில்பட்டி போகிற பாதை முழுக்கக் கரிசல். பருத்தியும் மிளகாயும் கம்பும் உளுந்தும் மானத்தைப் பார்த்து விளைகிற பூமி. இந்த மண்ணுக்கு எழுத்தில் யதார்த்தம் குறைவில்லாமல் கிடைத்தது. இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் வந்தார்கள். பின்னால் பூமணி, சோ. தர்மன் என்று ஒரு வரிசை. பருத்திமாரின் முரமுரப்பு வரை நம் உரைநடையில் பதிவாகிவிட்டது. ஆனால் ஓவியத்தில்? கரிசலுக்கு ஒரு வயெத் ஏன் வரவில்லை? வரையத் தெரிந்த கை இங்கே இல்லாமல் போயிற்றா?

கை இருந்தது. அதுவும் கோவில்பட்டியிலேயே இருந்தது. சி. கொண்டையராஜு 1898இல் சென்னையில் பிறந்தவர். சென்னை அரசு ஓவியப் பள்ளியில் ஐரோப்பிய முறையில் உருவம், நிழல், ஆழம் எல்லாம் முறையாகப் பயின்றவர். இளமையில் கொஞ்ச காலம் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சீன் படுதா வரைகிறவராக ஊர் ஊராகச் சுற்றினார். கம்பெனி கலைந்தபோது, 1940களின் தொடக்கத்தில், கோவில்பட்டியில் தங்கிவிட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சீடர்களோடு சேர்ந்து அங்கே அமைத்ததுதான் தேவி ஆர்ட் ஸ்டூடியோ. 1976இல் இறக்கும்வரை அந்த ஊர்தான்.

அவருடைய கல்வி மூன்று இடங்களில் நடந்தது என்று சொல்லலாம். பள்ளி உடம்பின் கனத்தைக் கற்றுக்கொடுத்தது. படுதா, தர்பாரையும் காட்டையும் தெருவையும் தட்டைத் துணியில் ஆழமாகக் காட்டும் வித்தையைக் கொடுத்தது. போட்டோ ஸ்டூடியோவோ முகத்தில் வெளிச்சம் விழும் விதத்தையும், டச்சிங் செய்து முகத்தைப் பூரிக்க வைக்கும் நுணுக்கத்தையும் கொடுத்தது. ஒரு யதார்த்தவாத ஓவியனுக்கு வேண்டிய சரக்கு அத்தனையும் இதில் உண்டு. அந்தச் சரக்கு முழுவதும் சாமி படத்துக்குப் போயிற்று. மீனாட்சி கல்யாணம், முருகன், லட்சுமி, கிருஷ்ணன். பட்டுச்சேலையின் மடிப்பு, நகையின் ஒவ்வொரு கல், மாலையின் ஒவ்வொரு பூ என்று தொட்டுப் பார்க்கலாம் போலிருக்கும். சிவகாசி அச்சகங்களில் லித்தோவாகவும் பின்னர் ஆப்செட்டாகவும் பெருகி, கீழே ஜவுளிக்கடை, மளிகைக்கடை பெயரோடு அவை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன.

நம்முடைய கலை விமர்சனம் இதைப் பார்த்து முகம் சுளித்தது. 1966இல் சோழமண்டலம் உருவானபோது நவீன ஓவியம் பற்றிய சொல்லாடல் அங்கே மையம் கொண்டது. காலண்டர் படம் என்பது வசைச்சொல்லாயிற்று. கனடா மானிடவியலாளர் ஸ்டீபன் இங்கிலிஸ் 1990களில் கொண்டையராஜுவைப் பற்றி எழுதினார். 2007இல் கஜ்ரி ஜெயின், பஜாரில் விற்கும் கடவுள் படங்களைப் பற்றிய தம் நூலில் சிவகாசியை விரிவாக ஆராய்ந்தார். வெளியார் வந்து எடுத்துக்காட்டும்வரை நமக்கு இது சுவரில் தொங்குகிற தாள் மட்டுமே.

ஏன் சாமி? முதல் பதில் காசில் இருக்கிறது. அமெரிக்கச் சம்சாரியின் படத்தை வாங்க அருங்காட்சியகமும் நகரத்துக் கனவான்களும் இருந்தார்கள். கோவில்பட்டியில் படத்துக்குக் காசு கொடுத்தவர் காலண்டர் போடும் வியாபாரி. அச்சகத்தின் மாதிரி ஆல்பத்தை ஏஜெண்டு கொண்டுவந்து காட்டுவார். வியாபாரி ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். வருடம் முழுக்க வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் தன் கடைப் பெயர் தொங்க வேண்டும். சுவரில் எது தொங்கும்? "நம்ம மூஞ்சியத்தான் தெனமும் பாக்கமே, அதுக்கு ஒரு படமாக்கும்?" என்று எந்தச் சம்சாரியும் கேட்பார். சாமி படம் என்றால் கிழிக்கவும் மனசு வராது, வீசவும் மனசு வராது. தேதி முடிந்தாலும் கண்ணாடி போட்டு மாட்டுவார்கள்.

இரண்டாவது பதில் இதைவிட ஆழமானது. அது கோயில் வாசலில் தொடங்குகிறது. விளாத்திகுளத்துக்கு வடக்கே உள்ள கமுதியில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1908இல் அவர்களுக்கு எதிராக முடிந்தது. நடுவே 1899இல் சிவகாசிக் கலவரம். அதற்கும் கோயில் நுழைவே வேர். அந்தச் சிவகாசியிலிருந்து சண்முக நாடாரும் அய்ய நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள், லேபிளுக்கு அச்சகம் என்று தொழில் வளர்ந்தது. 1939 ஜூலை 8 அன்றுதான் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டவர்களும் நாடார்களும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். இப்போது கூட்டிப் பாருங்கள். மீனாட்சி சந்நிதி மறுக்கப்பட்ட ஒரு சமூகம், அடுத்த இரண்டு தலைமுறைக்குள் மீனாட்சி கல்யாணத்தை ஆயிரக்கணக்கில் அச்சடித்துச் சாதி கேட்காமல் எல்லார் வீட்டுக்கும் அனுப்புகிறது. கருவறை இருட்டில், பூசாரியின் தயவில், தூரத்தில் தெரிந்த முகம் குடிசைச் சுவரில் நேருக்கு நேர் கண் திறந்து பார்க்கிறது.

இங்கேதான் கொண்டையராஜுவின் யதார்த்தம் அர்த்தப்படுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிற மாதிரி, மனித உடம்போடு, நம்மைப் பார்த்தபடி தெய்வத்தை வரைய ஐரோப்பிய நிழல் வித்தை உதவியது. கோயிலுக்குள் விடாதவனுக்குப் படம் என்பது நுழைவு. வயலை வரைந்திருந்தால் இது நடந்திருக்காது. எனவே 'சாமி படம் வரைந்து யதார்த்தத்திலிருந்து தப்பினார்' என்ற பழைய முற்போக்குத் தீர்ப்பு செல்லாது.

அதற்காக இந்தப் பிம்பங்களைக் கும்பிட்டு நிறுத்திவிடவும் முடியாது. அவை எதை மறைத்தன என்பதும் வரலாறுதான். கரிசல்காட்டில் காலண்டர் தெய்வங்களின் பின்னணி பெரும்பாலும் பச்சைப் புல், நீர்வீழ்ச்சி, தாமரைக்குளம். வெடித்துப் பிளந்த மண்ணும் வறண்ட கம்மாயும் அங்கே கிடையாது. உடம்பு ரோஜா நிறம். நம் ஊர்ச் சாமிகளான மாரியும் கருப்பனும் காலண்டர் கலைக்குள் வந்தபோது பெரும்பாலும் நிறம் வெளுத்து, கோபம் தணிந்து, மேல்சாதிச் சாயலோடு வந்தார்கள். வாசல் திறந்தது உண்மை. திறந்த வாசலில் தன் நிறத்தைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டியிருந்தது என்பதும் உண்மை. அதே வருடங்களில் கரிசல் கிராமங்களிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப்போய்க் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். அவர்கள் ஒட்டிய லேபிளில் சாமிக்கும் கிளிக்கும் மயிலுக்கும் இடம் இருந்தது. அவர்களுக்கு இல்லை.

ஓவியத்தில் அவர்களுக்கு இடம் வேறு வழியாக, தாமதமாக வந்தது. கொண்டையராஜு இறந்த அதே 1976இல் கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' நூலாக வெளிவந்தது. பிற்பாடு ஜூனியர் விகடனில் கி.ரா.வின் கரிசல் கட்டுரைகளுக்குக் கே.எம். ஆதிமூலம் கோடுகளால் முகங்கள் வரைந்தார். நிழலும் பூரிப்பும் இல்லாத, சுருக்கம் விழுந்த, நம்ம மூஞ்சிகள். கும்பகோணத்துப் பக்கம் பிறந்த எஸ். இளையராஜா (1979–2021) மறுபடி நுணுக்க யதார்த்தத்துக்குத் திரும்பி, கருத்த கிராமத்துப் பெண்களைக் கூடத்து வெளிச்சத்திலும் அடுக்களை வாசலிலும் வரைந்தார். காலண்டர் அம்மனுக்குச் செலவான பொறுமை அங்கே மனுஷிக்குச் செலவாயிற்று. கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் பெண்களும் பெரும்பாலும் வீட்டுக்குள் நிற்கிறார்கள். மிளகாய்ப் பழம் பறிக்கிறவள், உப்பளத்தில் வாருகிறவள், வேலிக்கருவை மூட்டம் போடுகிறவள் இன்னும் சுவருக்கு வரவில்லை.

கொண்டையராஜுவின் பல படங்களில் அவர் கையெழுத்தோடு சீடர் டி.எஸ். சுப்பையாவின் கையெழுத்தும் சேர்ந்திருக்கும். எம். ராமலிங்கம் முதலான வேறு சீடர்களும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவர்கள். தனிமேதை என்ற கதையாடலுக்குள் அடங்காத கூட்டு உழைப்பு இது. தச்சுப்பட்டறை, கொல்லப்பட்டறை மாதிரி இதுவும் கரிசலின் ஒரு பட்டறை. அதன் வரலாற்றை எழுத அருங்காட்சியகம் எதுவும் தேவையில்லை. விளாத்திகுளம் வட்டத்துப் பழைய கடைகளிலும் வீடுகளிலும் புகையேறிய கண்ணாடிச் சட்டங்கள் இன்னும் தொங்குகின்றன. மூலையில் யார் கையெழுத்து, அடியில் எந்தக் கடையின் பெயர், எந்த அச்சகம் என்று குறித்துக்கொள்ள ஒரு நோட்டுப் போதும். வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது அவற்றை மரத்தடியில் கொண்டுபோய்ச் சாத்திவைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. அதற்குள் செய்துவிட வேண்டும்.