செம்பு சுமந்த மரக்கலம்

நமீபியாவின் தென்கோடியில், ஒராஞ்சிமுண்ட் அருகே, கடலை அணையிட்டு விலக்கி வைரம் அகழ்ந்தோர் 2008 ஏப்ரலில் கண்டது ஒரு மரக்கலத்தின் எச்சம். 1533இல் லிஸ்பனிலிருந்து இந்தியா நோக்கிப் புறப்பட்டு மறைந்த ‘பொம் ஜெசூஸ்’ அதுவே என்பது ஆய்வாளர் துணிபு.

2,000க்கு மேற்பட்ட பொற்காசுகள் கிடைத்தன. உலகம் அவற்றையே பேசிற்று. வரலாற்றுக்கோ பொன்னினும் பெரிது செம்பு. ஜெர்மானிய ஃபுகர் வணிகக் குடியின் திரிசூல முத்திரை பொறித்த அக்கட்டிகள் மலபார் மிளகுக்கு மாற்றாகச் செல்லவேண்டியவை. அவற்றின் பாரமே மரச்சட்டங்களைக் கடலடியில் அழுத்திக் காத்தது. நூற்றுக்கு மேற்பட்ட யானைத் தந்தங்களையும் காத்தது. அத்தந்தங்கள் மேற்கு ஆப்பிரிக்க வனயானைகளின் 17 தாய்வழிகளைச் சேர்ந்தவை என 2020இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. அவற்றுள் 4 வழிகளே இன்று அறியப்படுவன.

கலத்தில் வந்த மாந்தர்? ஒரு காலணியுள் சில விரலெலும்புகள் இருந்தன.