திருத்தணிக் கோடையும் பழைய மரச்சாமான் சீரமைப்பும்

தளர்ந்த மூட்டுகளை இறுக்கி, மெருகைப் புதுப்பித்து, இருக்கையை மறுபடி பின்னியோ மெத்தை தைத்தோ பழைய நாற்காலி, கட்டில், சாய்வு நாற்காலிகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவரும் கைத்தொழிலே மரச்சாமான் சீரமைப்பு. தமிழகத்தில் பழைய சாமான்களுக்குப் பேர்போன சந்தை காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குச் சாமான்கள் அங்கே கைமாறுகின்றன. ஆனால் ஒரு பொருளை எப்படிச் சீரமைப்பது என்பதைச் சந்தையைவிட வானிலைதான் தெளிவாகச் சொல்லும். அதைப் பார்க்கத் திருத்தணி பொருத்தமான ஊர். 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்த இந்த மலைக்கோயில் ஊரில் கோடை வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்ததும் காற்றில் ஈரம் ஏறிவிடும்.

இந்த மாற்றத்தில் மரம் சும்மா இருப்பதில்லை. இழையின் குறுக்கே அது சுருங்கும், விரியும். நீளவாக்கில் அநேகமாக அசையாது. நாற்காலிக் காலின் துளையும் அதில் இறங்கும் சட்டத்தின் முனையும் இழை மாறிச் சந்திப்பதால், ஒவ்வொரு கோடையும் மழையும் அந்த மூட்டை அசைத்துப் பார்க்கின்றன. பழைய தச்சர்கள் இங்கே இட்டது வச்சிரம். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. அழுத்தம் கூடினால் முதலில் பசை விடும், மரம் தப்பிக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் பசை இளகி மூட்டு கழன்று வரும். சுத்தம் செய்து மறுபடி ஒட்டலாம். மழைக்காலத்தில் வச்சிரம் விட்டுவிடும், செயற்கைப் பசைதான் உறுதி என்பார்கள். வச்சிரம் ஈரத்துக்கு இளகும் என்பது உண்மைதான். ஆனால் கெட்டியான செயற்கைப் பசையும் மேலே அடித்த இரும்பு ஆணியும் மூட்டை அசையவிடாமல் பிடிக்கும்போது, பிளப்பது சட்டம். பசை விட்டால் ஒரு நாள் வேலை. சட்டம் பிளந்தால் புதுக் கட்டை செதுக்க வேண்டும். மெருகுக்கும் இதே நியாயம் பொருந்தும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, சூடான டம்ளர் பட்டால் வெளுக்கும். ஆனால் அந்த இடத்தை மட்டும் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துச் சரிசெய்யலாம். பாலியூரித்தேன் பூச்சு கீறினால் பெரும்பாலும் முழுவதையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தெடுக்க நேரும், அதோடு மரத்தின் பழைய நிறமும் போய்விடும்.

இருக்கையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. பிரம்பு கிழிந்ததும் பலகை அடித்து, ஃபோம் வைத்து, ரெக்சின் இழுத்து ஆணி அடிப்பது இன்றைய வழக்கம். திருத்தணி மே மாதத்தில் ரெக்சினில் உட்கார்ந்தால் முதுகு வியர்வையில் ஒட்டும். பிரம்புப் பின்னலில் காற்று கீழிருந்து மேலே வரும். பின்னலின் நுட்பமும் கவனிக்கத்தக்கது. பிரம்புப் பட்டைகளை நீரில் ஊறவைத்து, பளபளப்பான பக்கம் மேலே இருக்குமாறு சட்டத்துத் துளைகளில் கோத்து, நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைவாட்டில் இரண்டு என ஆறு சுற்று ஓட்டுவார்கள். காய்ந்து சுருங்கும்போது பின்னல் தானாக விறைத்து நிற்கும். தொய்ந்த இருக்கையையெல்லாம் பிரித்தெறிய வேண்டியதில்லை. இழை அறாமலிருந்தால் அடிப்பக்கத்தை வெந்நீரால் நனைத்து நிழலில் உலர்த்தினாலே பெரும்பாலும் மீண்டுவிடும். ஃபோம் மெத்தை வேண்டுவோர் அதைத் தனியாகத் தைத்து நாடாவால் கட்டிக்கொள்ளலாம். சட்டத்தில் ஆணி ஏறாது.

பின்ன ஆள் கிடைப்பதில்லை, கூலியும் அதிகம் என்ற மறுப்பு வலுவானது. ஆனால் அதன் காரணத்தையும் பார்க்க வேண்டும். துளையை விரலால் எண்ணி, இழுப்பை விரலாலேயே அறியும் இந்த வேலை, இந்தியாவில் பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சியில் நெடுங்காலமாக இருந்துவந்தது. அலுவலகங்கள் பிளாஸ்டிக்குக்கும் குஷன் நாற்காலிக்கும் மாறியதும் அவர்களுக்கு வேலை குறைந்தது. வேலை குறைந்ததால் கற்பவர்களும் குறைந்தார்கள். ஆகவே கூலி கூடுதல் என்று ரெக்சினுக்குப் போகும் ஒவ்வொரு நாற்காலியும் அடுத்த நாற்காலிக்கான கூலியை இன்னும் ஏற்றுகிறது. பதிவேட்டில் இன்னும் பிரம்பு நாற்காலிகளை வைத்திருக்கும் நீதிமன்றங்களும் தாலுகா அலுவலகங்களும் அவற்றைக் கழித்து ஏலம் விடுமுன் பின்னுவதற்குக் கொடுத்தால், அந்த வேலை முதலில் போய்ச் சேர வேண்டியது பார்வையற்ற பின்னலாளர்களிடம்தான்.