பெங்களூருவில் வீட்டு வரி: தொகையைத் தீர்மானிக்கும் 'மண்டலம்' எது?

பெங்களூரு: பெங்களூருவில் சொத்து வரி செலுத்தும் வீட்டு உரிமையாளர், தமது வீட்டின் பரப்பு, வயது, பயன்பாடு, அது அமைந்துள்ள மண்டலம் ஆகியவற்றைத் தாமே மாநகராட்சிக்குத் தெரிவிக்க வேண்டும். சுயமதிப்பீடு எனப்படும் இம்முறையில் முதல் மூன்று விவரங்களும் எவருக்கும் தெரிந்தவையே. நான்காவதில்தான் பல்லாயிரம் பேர் சிக்கிக் கொண்டனர்.

இந்நகரில் சுயமதிப்பீடு 2000-ஆம் ஆண்டு அறிமுகமானது. அப்போது வீட்டுக்குக் கிடைக்கக்கூடிய ஆண்டு வாடகை மதிப்பே அடிப்படையாக இருந்தது. சுற்றியிருந்த நகராட்சிகளும் 110 கிராமங்களும் இணைக்கப்பட்டு, 2007-இல் பெருநகர பெங்களூரு மாநகராட்சி (பிபிஎம்பி) உருவானது. அதையடுத்து, 2008-09 நிதியாண்டு முதல் 'அலகுப் பரப்பு மதிப்பு' முறை நடைமுறைக்கு வந்தது.

இதன்படி, பத்திரப் பதிவுத் துறை வெளியிடும் வழிகாட்டி மதிப்பைக் கொண்டு நகரின் பகுதிகளும் தெருக்களும் 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு மண்டலங்களாகத் தரம் பிரிக்கப்பட்டன. நிர்வாக வசதிக்காக மாநகராட்சி வகுத்துள்ள கிழக்கு, மேற்கு போன்ற மண்டலங்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. ஒரே வார்டில் அடுத்தடுத்த தெருக்கள் வெவ்வேறு வரி மண்டலங்களில் இருக்கக்கூடும்.

தொடக்கத்தில், கான்கிரீட் கூரையுள்ள, உரிமையாளரே வசிக்கும் வீட்டுக்கு 'ஏ' மண்டலத்தில் சதுர அடிக்கு மாதம் ரூ.2.50 எனவும், 'சி' மண்டலத்தில் ரூ.1.80 எனவும், 'எஃப்' மண்டலத்தில் ரூ.1 எனவும் மதிப்பு நிர்ணயிக்கப்பட்டது. வாடகைக்கு விடப்பட்ட வீடெனில் இம்மதிப்பு இரு மடங்கு. ஓடு அல்லது தகரக் கூரை வேய்ந்த வீடுகளுக்கு மதிப்பு குறைவு.

'சி' மண்டலத்தில் 1,000 சதுர அடியில், கட்டி மூன்றாண்டுகள் ஆகாத ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள் இருப்பினும், கணக்கில் பத்து மாதங்களே சேரும். எனவே 1,000 x 1.80 x 10 என ரூ.18,000 கிடைக்கிறது. தேய்மானமாக 3 சதவீதம் கழிந்தால் ரூ.17,460. அதில் 20 சதவீதமான ரூ.3,492 தான் சொத்து வரி. சுகாதாரம், நூலகம், பிச்சைக்காரர் மறுவாழ்வு ஆகியவற்றுக்கான மேல்வரி 24 சதவீதம் சேர, மொத்தம் சுமார் ரூ.4,330. அதே வீட்டில் வாடகைதாரர் வசித்தால் சுமார் ரூ.8,660. வாடகைக்கு விட்ட வீட்டைச் சொந்தப் பயன்பாடு எனக் காட்டும் ஆசை எங்கிருந்து எழுகிறது என்பதை இந்த வேறுபாடே விளக்கிவிடும்.

2016-இல் குடியிருப்புகளுக்கான வரி 20 சதவீதம் உயர்த்தப்பட்டது. வழிகாட்டி மதிப்பு மாறியதால் மண்டலங்களும் அப்போது மறுவரையறை செய்யப்பட்டன. ஆனால் பலர் பழைய மண்டலத்தின் பெயரிலேயே தொடர்ந்து வரி செலுத்தி வந்தனர். இணையதளமும் அதை ஏற்று ரசீது வழங்கியது. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் கழித்து, 2021-இல், சுமார் 78,000 உரிமையாளர்களுக்கு நோட்டீஸ் வந்தது. குறைவாகச் செலுத்திய தொகையுடன், அதன் இரு மடங்கு அபராதமும், மாதம் 2 சதவீத வட்டியும் கேட்கப்பட்டன. பணத்தைப் பெற்று ரசீது கொடுத்தபோது சுட்டிக்காட்டாத பிழைக்குத் தாங்கள் எப்படிப் பொறுப்பாவோம் என்பது குடியிருப்போர் சங்கங்களின் வாதம். அதில் நியாயம் இருந்தது. எனினும் சுயமதிப்பீட்டுச் சட்டத்தில், தவறான தகவலுக்கான பொறுப்பு அதைத் தந்தவரையே சேர்கிறது. பின்னர் 2024-இல் கர்நாடக அரசு ஒருமுறை தீர்வுத் திட்டத்தை அறிவித்து, நிலுவை வைத்திருந்தோருக்கு வட்டி முழுவதையும் அபராதத்தில் பாதியையும் தள்ளுபடி செய்தது. அத்திட்டம் அவ்வாண்டு நவம்பர் 30 வரை நீட்டிக்கப்பட்டது.

மண்டலங்களையே கைவிட்டு, வழிகாட்டி மதிப்பின் மீது நேரடியாக வரி விதிக்கும் வரைவு 2024 தொடக்கத்தில் வெளியானது. எதிர்ப்பு எழவே அது ஒத்திவைக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் பிபிஎம்பி கலைக்கப்பட்டு, பெரு பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் உருவாகின. குப்பை அகற்றும் கட்டணம், வீட்டின் பரப்பைப் பொறுத்து மாதம் ரூ.10 முதல் ரூ.400 வரை, 2025 ஏப்ரல் முதல் சொத்து வரியுடன் சேர்த்து வசூலிக்கப்படுகிறது.

முழுத் தொகையையும் ஏப்ரல் மாதத்துக்குள் செலுத்துவோருக்கு வழக்கமாக 5 சதவீதத் தள்ளுபடி உண்டு. செலுத்தும் முன், ரசீதில் உள்ள மண்டலம் தமது தெருவுக்கு அறிவிக்கப்பட்டதுதானா என்பதைச் சரிபார்ப்பது நல்லது. 'பி' கட்டா பதிவேட்டில் உள்ள வீடுகளுக்கும் வரி வசூலிக்கப்படுகிறது. ஆனால் அந்த ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது.